நாலு பேருக்கான வள்ளம்

தம்பித்துரைக்காக ஒன்றியம் செலுத்திய மௌன அஞ்சலி ஒரு நிமிடம் நீடித்தது. அந்த ஒரு நிமிடத்தைத் தலைவர் தொடக்கி வைப்பதா, செயலாளர் தொடக்கி வைப்பதா என்ற விவாதம் ஐம்பது நிமிடம் நீடித்தது. ஒன்றியத்தின் சட்டப்புத்தகமான யாப்பில் விளக்கேற்றுவதற்கு விதி இருந்தது. பொன்னாடை போர்த்துவதற்கும், போர்த்தப்பட்ட பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும்கூட விதி இருந்தது. செத்துப்போன ஒருவருக்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு விதி எழுத எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. கடைசியில் தலைவர் தொடக்குவதென்றும் செயலாளர் முடிப்பதென்றும் உடன்பாடு கண்டார்கள்.

அல்பேர்ட் பின்வரிசையில் நின்றான். மன்னார்ப் பேசாலையில் பிறந்தவன், பதின்மூன்று வயதில் கடலுக்குப் போனவன், 1985இல் ஜேர்மனிக்கு வந்தபிறகு ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் அண்டா கழுவுகிறவன். ஒன்றியத்தில் அவன் சாதாரண உறுப்பினன். மண்டபத்தில் கதிரை அடுக்கும்போது மட்டும் அவனை எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன தம்பித்துரையும் அப்படித்தான். கதிரை அடுக்குவதில் இருவரும் ஒரு சோடி.

நடந்தது இதுதான். 1996ஆம் ஆண்டு, ஓகஸ்ட் பத்து, சனிக்கிழமை. ஒன்றியத்தின் கோடைகால ஒன்றுகூடல், சவர்லாண்ட் மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் அணைக்கட்டு ஏரிக் கரையில் நடந்தது. தலைவர் இராசலிங்கத்தாருக்கு ஆண்டு மலரின் அட்டைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. நிர்வாகிகள் ஏழு பேரும் தண்ணீரின்மேல் ஒன்றியத்தின் பதாகையை விரித்துப் பிடித்திருக்கும் படம். ஒன்றியத்தின் முழுப்பெயர் 'வட்டார ஐக்கியத் தமிழர் நலன்புரி, பண்பாட்டு, விளையாட்டு ஒன்றியம்' என்பதால் பதாகை நான்கு மீற்றர் நீளம் இருந்தது. வள்ளமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

வள்ளம் வாடகைக்கு விடும் ஜேர்மன்காரர் ஆட்களை எண்ணிப் பார்த்து இரண்டு வள்ளங்களும் எட்டு உயிர்காப்பு அங்கிகளும் கொடுத்தார். ஒவ்வொரு வள்ளத்தின் முனையிலும் 'நான்கு பேர்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. விரலைக் காட்டியும் சொன்னார். பிறகு வேறு ஆட்கள் வரவே மேலே தன் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. இரண்டு வள்ளம் என்றால் ஒன்று முன்னால் போகும், ஒன்று பின்னால் போகும். பின்னால் போகிற வள்ளத்தில் யார் ஏறுவது? முந்திய வருடப் படத்தில் ஓரமாக நிற்க வேண்டி வந்த உபபொருளாளர் ஒருவர் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து, பக்கத்து ஊரில் 'ஐக்கிய' என்ற சொல்லை இரண்டு தடவை போட்டு வேறொரு ஒன்றியம் தொடங்கியிருந்தார். தலைவர் கால்மணி நேரம் யோசித்தார்.

"எல்லாரும் ஒரே வள்ளத்திலை ஏறுவம். ஒற்றுமைதானே எங்கடை கொள்கை" என்றார்.

உயிர்காப்பு அங்கிகள் செம்மஞ்சள் நிறம். போட்டால் பட்டுவேட்டியும் பொன்னாடையும் மறைந்துவிடும். ஆகவே அவை இறங்குதுறையில் குவிக்கப்பட்டன. நிர்வாகி ஒருவர் துடுப்புப் பிடித்தால் படத்தில் வேலைக்காரன் மாதிரித் தெரிவார் என்பதால், பின்னால் நின்ற தம்பித்துரையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். படம் எடுக்கும்போது தலையைக் குனிந்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

கயிறு அல்பேர்ட்டின் கையில் இருந்தது.

"தலைவர், இது நாலு பேற்றை வள்ளம்" என்றான்.

"அல்பேர்ட், நீர் மன்னார்க் கடலைக் கண்ட ஆள். இது குளம். பயப்பிடாதையும்."

"விளிம்பு தண்ணிக்குக் கிட்ட நிக்குது, தலைவர். ஆரும் அசைஞ்சால் கவிழும்."

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை அபசகுனமாய்க் கதைக்கிறீர்" என்றார் செயலாளர் நித்தியானந்தன்.

மூன்றாவது தடவை அல்பேர்ட் வாய் திறக்கவில்லை. தம்பித்துரை அவனைப் பார்த்துச் சிரித்தார். "அவிட்டு விடுங்கோ அண்ணை. சோறு ஆறுது" என்றார். அல்பேர்ட் கயிற்றை அவிழ்த்தான். வள்ளம் தானாக நகராததால் காலால் ஓர் உந்தும் உந்திவிட்டான்.

முப்பது மீற்றர் போனதும் தலைவர் பதாகையை விரிக்க எழும்பினார். தலைவர் எழும்பியதும் செயலாளரின் முகம் மறைந்தது, அவரும் எழும்பினார். பிறகு பதவி வரிசைப்படி மற்ற ஐவரும் எழும்பினார்கள். உட்கார்ந்திருந்தவர் தம்பித்துரை ஒருவர்தான்.

அல்பேர்ட் உடுப்போடு குதித்து இரண்டு பேரை இழுத்து வந்தான். கொட்டில்காரர் மோட்டார் வள்ளத்தில் வந்து ஐந்து பேரை எடுத்தார். எட்டாவது ஆள் பதாகைக்குக் கீழே போயிருந்தார். அணைக்கட்டு ஏரி கரையிலிருந்து சில அடி தள்ளியே செங்குத்தாக இறங்குகிறது. ஓகஸ்டிலும் அடித்தண்ணீர் ஐஸ். அல்பேர்ட் நான்கு தடவை மூழ்கினான். நான்காவது தடவை அவனையே இழுத்துக் கரையேற்ற வேண்டியிருந்தது. பின்னேரம் சுழியோடிகள் தம்பித்துரையைக் கொண்டுவந்து கிடத்தியபோது, அவர் மனைவி கனகவல்லி சாப்பாட்டுச் சட்டியின் மூடியைக் கையில் வைத்தபடியே நின்றாள். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்றியம் சும்மா இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. விபத்தை மிக அருகில் இருந்து பார்த்தவர்கள் என்ற தகைமையின் அடிப்படையில், வள்ளத்தில் இருந்த மூவரே அதற்குத் தெரிவானார்கள். தலைவர் குழுவுக்கும் தலைவரானார். செயலாளர் குழுவுக்கும் செயலாளரானார். அல்பேர்ட்டைச் சாட்சியாக அழைத்தார்கள்.

"நீர் வள்ளத்திலை இருந்தனீரோ?" என்று கேட்டார் இராசலிங்கத்தார், தன்னோடு வள்ளத்தில் யார் இருந்தார்கள் என்பது தனக்குத் தெரியாததுபோல.

"இல்லை, கரையிலை நிண்டனான்."

"அப்ப வள்ளத்துக்குள்ளை நடந்தது உமக்குத் தெரிய நியாயமில்லை."

"நீங்கள் எழும்பி நிண்டதைக் கண்டனான், தலைவர்."

செயலாளர் எழுதினார்: 'சாட்சி தூரத்தில் நின்றமையால் தலைவரின் உயரத்தைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார்.'

"நாலு பேற்றை வள்ளத்திலை எட்டுப் பேர் ஏறினவை" என்றான் அல்பேர்ட்.

"நாலு எண்டது ஜேர்மன்காரரின்ரை கணக்கு. அவங்கள் உடம்பு பெருத்த ஆக்கள். எங்கடை ஆக்கள் எண்டால் எட்டு வரும்" என்றார் மூன்றாமவர். அவர் நூற்றுப்பத்துக் கிலோ.

பதினெட்டுப் பக்கத்தில் அறிக்கை வந்தது. ஏரியின் ஆழத்தை ஜேர்மன் அரசு ஒன்றியத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கத் தவறிவிட்டது என்று அது வருந்தியது. நிர்வாகிகள் எழுவரும் உயிர் தப்பியதற்கு அவர்களிடமிருந்த கட்டுக்கோப்பே காரணம் என்று கண்டறிந்தது. துடுப்பு தம்பித்துரையின் கையில் இருந்தபடியால் வள்ளத்தின் கட்டுப்பாடும் அவர் கையிலேயே இருந்தது. அவர் ஏறியது அவருடைய சொந்த விருப்பம், துடுப்பைக் கைவிட்டது அவருடைய சொந்த முடிவு. எனவே இது முற்றிலும் சுயபொறுப்பில் நேர்ந்த மரணம் என்று முடித்தது. கடைசிப் பக்கத்தில் ஏழு நிர்வாகிகளின் படங்களும் இருந்தன. தம்பித்துரையின் படம் தெளிவில்லாமல் இருந்ததால் சேர்க்கப்படவில்லை.

ஜேர்மன் பொலிசாரும் தங்கள் பாட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது வேறு ஒரு பொறுப்பு. அதனால்தான் ஒரு சனிக்கிழமை காலையில் தலைவரும் செயலாளரும் ஒரு பழக்கூடையோடு கனகவல்லியின் வீட்டுக்கு வந்தார்கள். அல்பேர்ட்டின் மனைவி டொறத்தி அங்கே துணைக்கு நின்றாள். அல்பேர்ட் குசினிக்குள் பைப் திருத்திக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இது ஒரு சின்னக் கையெழுத்து" என்றார் தலைவர். "சுயபொறுப்புப் பிரகடனம். என்ரை சொந்தப் பொறுப்பிலைதான் வள்ளத்திலை ஏறுறன் எண்டு. அவர் வைச்சிருக்க வேண்டியது. நேரம் கிடைக்கேல்லை. அவருக்குப் பதிலாய் நீங்கள் வைச்சால் காணும்."

கனகவல்லி சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். எந்தத் துணியையும் புரட்டிப் பார்க்காமல் மடிக்க மாட்டாள். தாளையும் புரட்டிப் பார்த்தாள்.

"திகதி ஒன்பது எண்டு கிடக்கு. அவர் செத்தது பத்தாம் திகதி."

"அதுதான் தங்கச்சி. செத்தாப்பிறகு திகதி போட்டால் செல்லாது."

"அவருக்கு நீந்தத் தெரியுமோ எண்டு உங்களிலை ஒருத்தராவது கேட்டனீங்களோ?"

"தொண்டர்களிட்டை அப்பிடிக் கேக்கிறது மரியாதை இல்லை" என்றார் செயலாளர்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "பொலிஸ் கேக்கிறான். நாளைக்குப் பேப்பரிலை வந்தால் ஜேர்மன்காரனுக்கு முன்னாலை எங்கடை இனம் தலைகுனிய வேண்டி வரும். இதிலை இருக்கிறது உங்கடை மனுசன்ரை சாவு மட்டும் இல்லை, இனத்தின்ரை மானம்."

"அந்த மானத்துக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டாள் கனகவல்லி.

தலைவர் இதைத் துயரத்தின் பேச்சு என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார். செப்டெம்பர் எட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றியம் 'நீர்ப்பாதுகாப்பு விழா' நடத்தப்போவதாகவும், அங்கே மேடையில் வைத்துக் கையெழுத்திட்டால் படமும் எடுக்கலாம் என்றும் சொல்லித் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் டொறத்தி குசினிக்குள் வந்தாள். "எவ்வளவு நேரம் அந்தப் பைப்பைத் திருத்துவியள்?" என்றாள்.

அல்பேர்ட் பைப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கினான்.

"நீங்கள் கயிறு அவிட்டதை நானும் கண்டனான். அண்டைக்கே சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தனீங்கள், அவரும் மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி விட்டிட்டார். சாமியாரின்ரை புருசனே செத்தது? உள்ளை இருக்கிறவளிட்டைச் சொல்லுங்கோ."

அல்பேர்ட் ஈரக் கையோடு போய்க் கனகவல்லியின் முன்னால் நின்றான். வள்ளம் கவிழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, தம்பித்துரைக்கு நீந்தத் தெரியாது என்பதும் தெரியும், இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை சொல்லாமல் அவிழ்த்துவிட்டேன், காலால் தள்ளியும் விட்டேன் என்றான். ஏன் என்று அவள் கேட்டாள். "விழாவைக் குழப்புறான் எண்டு சொல்லுவினம் எண்ட பயம்" என்றான். அதைச் சொன்னபோது அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கனகவல்லி மேசையில் கிடந்த தாளை எடுத்து இரண்டாக மடித்தாள். அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கடைசியில், "இதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவியளோ அண்ணை?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றான்.

நீர்ப்பாதுகாப்பு விழா ஒரு பாடசாலையின் முதலாம் மாடி மண்டபத்தில் நடந்தது. அங்கிருந்து மிக அருகில் இருந்த தண்ணீர் கழிவறையில் இருந்தது. வாசலில் வருகிற ஒவ்வொருவரும் சுயபொறுப்புப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்த பிறகே வடை வழங்கப்பட்டது. "மண்டபத்துக்குள்ளை ஆர் தம்பி தாழுறது?" என்று கேட்ட ஒரு முதியவருக்கு, "முன்னெச்சரிக்கை ஐயா" என்று பதில் கிடைத்தது. மேடையில் நிர்வாகிகள் ஏழு பேரும் புத்தம்புதிய உயிர்காப்பு அங்கிகள் அணிந்து, அவற்றின்மேல் பொன்னாடை போர்த்தி வீற்றிருந்தார்கள். செயற்கைச் சுவாசம் காட்டுவதற்காக ஒருவரை மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். உரைகள் நீண்டதால் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். நீரில் மூழ்கிய அனுபவம் அதிகம் உள்ளவர் என்பதால் தலைவரே பாதுகாப்பு உபகுழுவுக்கும் தலைவர் என்று அறிவித்தார்கள்.

இராசலிங்கத்தார் ஒலிவாங்கிக்கு முன் வந்தார். கழுத்துவரை அங்கி இறுகியிருந்ததால் குரல் கொஞ்சம் மேலே போயிற்று.

"அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே! பொறுப்பு என்றால் என்ன? பொறுப்பு என்பது ஒரு பதவி. அதை எல்லோரும் ஏற்க முடியாது. பொதுச்சபை தெரிவு செய்தவர்கள் மட்டுமே ஏற்கலாம். ஏற்றவர்கள் மாலையும் ஏற்பார்கள். ஆனால் சுயபொறுப்பு என்பது வேறு. அது பதவி இல்லாதவர்களுக்கு உரியது. தலைவன் தவறினால் அது விபத்து. தொண்டன் தவறினால் அது கவனயீனம். இந்த வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்க்க வேண்டும். அமரர் தம்பித்துரை அவர்கள் தன் உயிரைக் கொடுத்து எமக்கு ஒரு பாடம் புகட்டியிருக்கிறார். அவர் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் அந்தப் பாடம் எமக்குக் கிடைத்திருக்காது!"

கைதட்டல் எழுந்தது. சிலர் தட்டிய பிறகுதான் என்ன கேட்டோம் என்று யோசித்தார்கள்.

அடுத்து, கடல் அனுபவம் உள்ள சாட்சி என்று அல்பேர்ட்டை அழைத்தார்கள். ஏரித் தண்ணீரின் ஆபத்தைப் பற்றி மூன்று வசனம் பேச வேண்டும் என்று செயலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அல்பேர்ட் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். மேடையேறி அவனுக்குப் பழக்கமில்லை. ஒலிவாங்கியைத் தொட்டதும் அது கீச்சிட்டது.

"கயிறு அவிட்டது நான்" என்றான்.

மேசையில் படுத்திருந்தவர்கூட விழித்துக்கொண்டார்.

"அது நாலு பேற்றை வள்ளம். மற்ற வள்ளம் வெறுமையாய்க் கட்டிக் கிடந்தது. ஆர் பின்னுக்குப் போறது எண்ட பிரச்சினையிலை எட்டுப் பேரும் ஒண்டிலை ஏறினவை. கவிழும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவிட்டனான், தள்ளியும் விட்டனான். நான் அந்தக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருந்தால் நீங்கள் என்னை ஏசியிருப்பியள். ஏசினால் நான் செத்துப் போக மாட்டன். தம்பித்துரை உயிரோடை இருந்திருப்பார். அது என்ரை பொறுப்பு. நாளைக்குப் பொலிசிலை போய் இதை அப்பிடியே சொல்லப் போறன். ஒரே வள்ளத்திலை ஏறச் சொன்னது ஆர், அங்கி போட வேண்டாம் எண்டு சொன்னது ஆர், எழும்பி நிண்டது ஆர் எண்டு நான் சொல்ல மாட்டன் எண்டு நினைக்காதேங்கோ. சொல்லுவன். ஆனால் உங்கடையை நீங்களே வந்து சொன்னால் நல்லது."

தலைவர் எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை! தலைவரின் அனுமதியின்றிச் சாதாரண உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்பது யாப்புக்கு முரணானது. பொறுப்பேற்பதற்கு ஒன்றியத்தில் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள்!"

"அப்ப ஏற்கச் சொல்லுங்கோவன்!" என்று பின்வரிசையிலிருந்து டொறத்தியின் குரல் வந்தது.

அல்பேர்ட்டின் பேச்சைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்குவதாகத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். செயலாளர் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன, ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக, சில காதுக்கு மேலே போகாமல். எண்ணிக்கை நடக்கும்போதே கனகவல்லி மேடைக்கு வந்து பேனா கேட்டாள். நிர்வாகிகளின் முகத்தில் உயிர் திரும்பியது. படம் எடுப்பவர் ஓடி வந்தார். அவள் பிரகடனத்தை மேசையில் வைத்து, அச்சிட்டிருந்த வரிகளுக்குக் கீழே நிதானமாக எழுதிச் செயலாளரிடம் நீட்டினாள்.

நித்தியானந்தனுக்கு ஒரு பழக்கம். கையில் எந்தத் தாள் வந்தாலும் ஒலிவாங்கியில் வாசிப்பார். வாசித்த பிறகுதான் விளங்கிக்கொள்வார்.

"'என் கணவர் தம்பித்துரை தன் விருப்பத்தில் வள்ளம் ஏறவில்லை. கூப்பிட்டதால் ஏறினார். இந்தத் தாளை அவர் செத்தபின் கொண்டுவந்து, சாவதற்கு முதல்நாள் திகதி போட்டு என்னிடம் கையெழுத்துக் கேட்டவர்கள் தலைவர் இராசலிங்கமும் செயலாளர் நித்தியானந்தனும். நான் வைக்க மாட்டேன்.' ...ஒப்பம் கனகவல்லி தம்பித்துரை" என்று தெளிவான உச்சரிப்பில் வாசித்து முடித்தார் செயலாளர்.

உயர்ந்திருந்த கைகள் இறங்கின. கனகவல்லி தாளைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக வந்தவள் சிவகௌரி என்ற இளம் பெண். அல்பேர்ட் இரண்டு வசனம் சொன்னதும் அவள் நிறுத்தினாள். "அண்ணை, இப்பிடிச் சொன்னால் உங்களுக்குத்தான் வில்லங்கம். கயிறு கை நழுவிப் போட்டுது எண்டு சொல்லட்டோ?" என்று தமிழில் மெல்லக் கேட்டாள்.

"நழுவேல்லை பிள்ளை. நான்தான் அவிட்டனான். அப்பிடியே சொல்லுங்கோ."

அந்தக் கிழமை முடிவதற்குள் ஏழு நிர்வாகிகளில் மூன்று பேர் தனித்தனியாக அந்த நிலையத்துக்குப் போனார்கள். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மூவரும் கேட்டுக்கொண்டார்களாம்.

அடுத்த வசந்தத்தில் வழக்கு வந்தது. உயிரிழப்புக்குக் காரணமான கவனயீனத்துக்காகத் தலைவருக்கும் செயலாளருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அல்பேர்ட்டின் வழக்கு, ஒரு முதியோர் இல்லத்தில் எண்பது மணித்தியாலம் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கைவிடப்பட்டது. அவன் எண்பது முடிந்தும் போய்க்கொண்டிருந்தான். அவனை ஒன்றியம் 'அதிகாரமின்றிப் பொறுப்பேற்ற குற்றத்துக்காக' நீக்கியது. அந்தக் கடிதத்தில் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். தண்டனை பெற்றவர் பதவியில் இருக்கக்கூடாது என்று யாப்பில் எங்கும் இல்லை.

கனகவல்லி அந்தச் சித்திரையில் நகரசபை நீச்சல் தடாகத்தில், நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தாள். டொறத்தியும் கூடப் போனாள். விதவைப் பெண்ணொருத்தி பொது இடத்தில் நீச்சல் உடுப்போடு நிற்பதைப் பண்பாட்டு உபகுழு வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றி, பிரதியைத் தபாலில் அனுப்பியது. அதைக் கேள்விப்பட்டு அடுத்த கிழமை இன்னும் நாலு தமிழ்ப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி உபகுழுத் தலைவரின் மனைவி.

ஏழாவது வகுப்பில் பயிற்றுநர் அவர்களை ஆழமான பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பியைப் பிடித்தபடி மிதந்த கனகவல்லி கீழே காலை நீட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"அக்கா, கால் நிலத்திலை படேல்லை" என்றாள்.

"பயமெண்டால் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில் பிள்ளை" என்றாள் டொறத்தி.

"பயமாய்த்தான் கிடக்கு" என்றாள் கனகவல்லி, கம்பியை விட்டுவிட்டு.